மரிசெல் வீட்டுத் தொலைக்காட்சி பற்றி

தம்பி,

நீதிமன்றத்துக்கென்று நீ அனுப்பிய சத்தியக் கடதாசியை நூலகத்துக்குப் போய் அச்செடுத்து வந்தேன். கடைசிப் பக்கத்தில் என் பெயருக்கு மேலே ஒரு கோடு வெறுமையாக இருக்கிறது. அதில் கையெழுத்து வைத்து உன் வக்கீலுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாய். நான் வைக்கப் போவதில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சொல்ல வேண்டியதைக் கடைசிவரை தள்ளிப்போட்டு, பிறகு சொல்லாமலே எழும்பிப் போவது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். ஏன் வைக்கப் போவதில்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழைக் கொண்டு நீ இதை மெதுவாகத்தான் வாசிப்பாய். எனக்கு வேண்டியதும் அதுதான். ஆங்கிலத்தில் எழுதினால் சிவப்பு விளக்கு பச்சையாகும் முன் வாசித்து முடித்து, 'ஓகே அப்பா, பிறகு கதைப்பம்' என்று பதில் போட்டுவிடுவாய்.

வெள்ளிக்கிழமை நீ காரில் இருந்தபடி என்னோடு கதைத்தாய். "அப்பா, நீங்கள் கண்டதைத்தான் அதில போட்டிருக்கு. பொய் ஒண்டும் இல்லை. வாசிச்சனீங்களோ? ஓம், வாசிச்சிருப்பீங்கள். சைன் பண்ணி ஸ்கான் பண்ணி அனுப்புங்கோ, சரியோ? சரி, எனக்கு மீட்டிங் இருக்கு" என்றாய். நான் வாயைத் திறந்தபோது போன் வைக்கப்பட்டிருந்தது. உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் பதில் சொல்ல நேரம் எடுக்கிற ஆள். என்னோடு வேலை செய்தவர்களும், இருக்கும்வரை உன் அம்மாவும், எனக்காக ஒவ்வொரு பதிலையும் தாங்களே சொல்லிப் பழகியிருந்தார்கள். இந்தப் பதிலை மட்டும் வேறு யாரும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இரண்டு இரவும் ஒரு பகலும் யோசித்துவிட்டு மேசைக்கு முன்னால் குந்தியிருக்கிறேன்.

நீயும் மரிசெல்லும் பிரிந்து ஒரு வருடமாகிறது. உங்களுக்கிடையே என்ன உடைந்தது என்று நான் உன்னிடமும் கேட்கவில்லை, அவளிடமும் கேட்கவில்லை. நாலு வயது மாயா தாயோடு ஸ்காபரோவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் றிச்மண்ட் ஹில்லில் உன் வீட்டுக்கு வருகிறாள். இப்போது அவள் உன்னோடுதான் இருக்க வேண்டும் என்று நீ நீதிமன்றத்தில் கேட்கிறாய். தகப்பன் பிள்ளையைக் கேட்பதில் பிழை இல்லை. அதற்கு நீ என்னைச் சாட்சியாகக் கூப்பிடுகிறாய், ஏனென்றால் வார நாட்களில் காலையில் அந்த வீட்டில் இருக்கிற ஒரே பெரிய ஆள் நான்தான். தாய் பிள்ளையை ஒவ்வொரு நாளும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்திவிடுகிறாள், அதில் ஓடுவது தாயின் ஊரான பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி, அதனால் பிள்ளைக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது, இதை நான் என் கண்ணால் கண்டேன் என்று அந்தக் கடதாசி சொல்கிறது.

நான் இந்த நாட்டில் வேலை செய்த காலமெல்லாம் உணவுப் பொதிகளுக்கு லேபல் அச்சிடும் தொழிற்சாலையில் பிழை பார்த்தவன். போத்தலுக்குள் இருப்பதும் வெளியே ஒட்டியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. அது பெரிய படிப்பு தேவைப்படாத வேலை. ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்தவனுக்கு இங்கே கிடைத்தது அது, நானும் அதை ஒழுங்காகச் செய்தேன். லேபலில் ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தும் மொத்தமாகப் பிழையாக இருப்பதுண்டு. அப்படியான லேபலைத் திருத்துவதுதான் கஷ்டம், ஏனென்றால் எந்தச் சொல்லைத் தொட்டாலும் 'இதில் என்ன பிழை?' என்று மேலாளர் கேட்பார். உன் கடதாசியும் அப்படித்தான் இருக்கிறது. நிகழ்ச்சி ஓடுகிறது, உண்மை. அது பிலிப்பைன்ஸ் நிகழ்ச்சி, உண்மை. நான் கண்டேன், அதுவும் உண்மை. ஆனால் அந்தத் தொலைக்காட்சியைப் போடுவது மரிசெல் அல்ல. நான்தான்.

நீ போன பிறகு முதல் கிழமை நடந்ததை உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். மரிசெல்லுக்கு முதியோர் இல்லத்தில் ஏழு மணிக்கு வேலை தொடங்கும். பாலர் வகுப்புக்கு ஒன்பதரைக்குத்தான் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும். இடைப்பட்ட நேரத்துக்கு வேறு ஆளில்லாததால் நான் விடியக்காலை பஸ்ஸில் போகத் தொடங்கினேன். தாய் கதவைச் சாத்தியதும் மாயா கதவோடு ஒட்டிக்கொண்டு அழுவாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நிற்பேன், அவ்வளவுதான். பிள்ளைகளோடு என்ன கதைப்பது என்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. 'சாப்பிட்டியோ', 'குளிருதோ' என்ற இரண்டையும் கேட்டு முடித்தால் என்னிடம் வேறு சரக்கில்லை. மூன்றாவது நாளோ நாலாவது நாளோ அவளே அழுகையை நிறுத்திவிட்டு ரிமோட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இனி யாராவது அவளோடு கதைப்பார்கள் என்று நினைத்தேன்.

அந்த நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்கிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை அது தொடங்கியதுமே நிறுத்திவிட்டாய் என்று மாயா மூலம் அறிந்தேன், ஆகவே நீ பார்த்திருக்க மாட்டாய். மணிலாவில் பாலர்களுக்கென்று செய்த அரைமணி நேர நிகழ்ச்சி. ஒரு சின்னப் பெட்டிக்கடை. கூரையிலிருந்து ஷாம்பூப் பைக்கற்றுகள் சரமாகத் தொங்கும். கடையில் நிற்கிற இளம் பெண்ணை எல்லோரும் அவர்களுடைய வழக்கப்படி அக்கா என்று கூப்பிடுகிறார்கள். அந்தக் கடைக்கு டோடோய் என்ற பொம்மை ஆட்டுக்குட்டி சாமான் வாங்க வரும். வாங்க வந்ததை ஒவ்வொரு நாளும் மறந்துபோகும். பிறகு கடையிலுள்ள ஒவ்வொன்றையும் காட்டி 'அனோ இதோ?' என்று எங்களைப் பார்த்துக் கேட்கும். 'இது என்ன?' என்று அர்த்தம். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். பின்னணி இசையும் நின்றுவிடும். ஆடு காதை மட்டும் ஆட்டிக்கொண்டு எங்களையே பார்க்கும். வீட்டிலிருக்கிற குழந்தை பதில் சொல்லட்டும் என்பதற்காக அந்த இடைவெளியை விட்டிருக்கிறார்கள். அதை உண்டாக்கியவர் யாரோ, குழந்தைகளை நன்றாகத் தெரிந்தவர். அந்த இடைவெளி நீளமானது. வயதானவன் பதிலை யோசித்து எடுக்கவும் காணும்.

நான் என்ன செய்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். முதல் நாள் ஆடு வாழைக்குலையைக் காட்டிக் கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. மாயா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சும்மா இருந்தாள். கடைக்காரப் பெண்ணும் ஆடும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்றுதான் என்னை வளர்த்தார்கள். 'வாழைப்பழம்' என்று சொல்லிவிட்டேன். ஆடு துள்ளிக் குதித்து எனக்குக் கைதட்டியது. மாயா திரும்பி என்னைப் பார்த்தாள். அடுத்து முட்டை வந்தது. 'முட்டை' என்றேன். அதற்கும் கைதட்டல். எந்த மொழியில் சொன்னாலும் அந்த ஆடு கைதட்டும் என்பது எனக்கு விளங்கியது, அவளுக்கும் விளங்கியது. ஒரு கிழமைக்குள் அவள் எனக்கு முந்திக்கொண்டு 'முட்டை' என்று கத்தத் தொடங்கினாள். குடை, சவர்க்காரம், கத்தரிக்காய், உப்பு. நான் வாயைத் திறக்கும் முன் சொல்லிவிட்டு, 'அப்பப்பா லேற்' என்று என்னைப் பகிடி பண்ணுவாள். தம்பி, அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது என்று நீ எழுதுவித்திருக்கிறாய். எனக்கே ஒரு நாள் துடைப்பத்தின் பெயர் வாயில் வரவில்லை. 'விளக்குமாறு' என்று அவள்தான் எடுத்துத் தந்தாள். அதற்கு முதல் கிழமை நான் சொன்ன சொல் அது.

இன்னொன்று. அந்த நிகழ்ச்சி முடியும்போது ஆட்டுக்குட்டி கடைக்காரப் பெண்ணின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துவிட்டுத்தான் போகும். நான் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்திருந்தேன். ஒரு காலை மாயா என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தாள். நான் கையை எடுக்காமல் காய்ச்சல் பார்த்தேன். ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்தவள், நெற்றி சூடாகத்தான் இருந்தது. உடனே மரிசெல்லுக்கு வேலையில் போன் பண்ணி, பிள்ளை தானாகவே நெற்றியைத் தொட்டுக் காட்டுகிறாள், நல்ல சூடு, என்ன மருந்து கொடுப்பது என்று கேட்டேன். அவள் பதறிப்போய் ஒவ்வொன்றாக விசாரித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அது காய்ச்சல் இல்லை மாமா, பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்குகிற எங்கள் முறை, நீங்கள் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்றாள். மாயா இன்னும் என் கைக்குக் கீழே நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். 'நல்லா இரு' என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதைச் சொல்கிறேன். மரிசெல் என்னை இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள் என்பதையும் நீ கவனித்திருப்பாய். அவளை அப்படிக் கூப்பிடப் பழக்கியது நீதான்.

உனக்கு நாலு வயதாக இருந்தபோது நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறை வீட்டில் இருந்தோம். அந்த வீட்டிலும் தொலைக்காட்சி இருந்தது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் யாரோ விட்டுவிட்டுப் போனதை நானும் உன் அம்மாவும் லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்தோம். எனக்கு இரவு வேலை, அவவுக்கு விடிய அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை. நான் வந்ததும் அவ போவா. நான் சோபாவில் சப்பாத்தைக் கழற்றாமலே படுத்திருப்பேன், நீ தரையில் இருந்து ஆங்கிலக் குழந்தைகள் நிகழ்ச்சி பார்ப்பாய். அதிலும் கேள்வி கேட்பார்கள். நீ திரும்பி என்னைப் பார்ப்பாய் என்று உன் அம்மா சொல்லியிருக்கிறா. எனக்குத் தெரியாது, நான் நித்திரை. இதை நான் பிழை என்று எழுதவில்லை. அந்த நேரம் படுக்காவிட்டால் அடுத்த இரவு அச்சு மெஷினுக்குள் கையைக் கொடுத்திருப்பேன். நீ அந்தப் பெட்டியிலிருந்து ஆங்கிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டாய். ஐந்து வயதில் டாக்டரிடம் எனக்காகக் கதைத்தாய், என் நெஞ்சுநோவை உன் வயிற்றைத் தொட்டுக் காட்டி விளக்கினாய். அப்போது எங்களுக்கு எதிராக யாரும் சத்தியக் கடதாசி எழுதவில்லை. எழுதியிருந்தால் அதில் இருந்ததும் ஒவ்வொரு சொல்லும் உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

உனக்கு எங்கே நொந்தது என்று எனக்குத் தெரியும். நவராத்திரிக்கு நீ என்னையும் மாயாவையும் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். அன்னதான வரிசையில் உன் அம்மாவோடு பழகின அன்ரி ஒருத்தி மாயாவின் கன்னத்தைப் பிடித்தா. "உம்மட பேர் என்னம்மா? வெக்கமோ? தமிழ் விளங்குமோ தம்பி இவவுக்கு? தாய் வேற ஆக்கள் எண்டால் பிள்ளையளும் உப்பிடித்தான், பாவம்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தா. மாயா உன் காற்சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நீ சிரித்துச் சமாளித்தாய், ஆனால் உன் கழுத்துச் சிவந்ததை நான் பார்த்தேன். வக்கீலைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் உனக்கு அந்த வரிசையில்தான் வந்தது என்று நினைக்கிறேன். பிழையாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு காரில் நடந்தது உனக்குத் தெரியாது. நீ புளூடூத்தில் யாரோடோ வேலை விஷயம் கதைத்துக்கொண்டிருந்தாய். நான் பின்சீற்றில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஹைவேக்கு ஏறும் முன் சிக்னலில் கார் நின்றபோது, அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, யாருக்கும் சொல்லாமல், "என்ர பேர் மாயா" என்றாள். தெளிவாக, ஒரு எழுத்தும் பிசகாமல். அன்ரி கேட்ட கேள்விக்கான பதில். அவ்வளவு நேரமும் அதை வாய்க்குள் வைத்திருந்திருக்கிறாள். பெயர் கேட்டால் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் அவள் அந்த ஆட்டுக்குட்டியிடம்தான் படித்தாள். நிகழ்ச்சி தொடங்கும்போது அது ஒவ்வொரு நாளும் எங்கள் பெயரைக் கேட்கும், நான் மரியாதையாக என் பெயரைச் சொல்வேன், அவள் தன் பெயரைச் சொல்வாள். உன் தோளைத் தட்டி இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். நீ அழைப்பில் இருந்தாய். அழைப்பு முடிந்தபோது என் வீட்டு வாசல் வந்துவிட்டது. பிறகு சொல்லலாம் என்று இறங்கிவிட்டேன். நீ கேட்க வேண்டிய ஒன்றை நீ கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்போது எழுதிவிட்டேன்.

போன மாதம் ஒரு காலை அந்தக் கட்டடத்தில் இணைய இணைப்பு வேலை செய்யவில்லை. திரையில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. நான் ரிமோட்டின் ஒவ்வொரு பொத்தானையும் வரிசையாக அமத்திப் பார்த்தேன். மாயா அதைப் பார்த்துக் களைத்துப்போய், குசினிக்குள் போய் ஒரு பெரிய பையில் சாமான்களை அள்ளிக்கொண்டு வந்தாள். என்னை சோபாவில் இருக்கச் சொன்னாள். தான் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு கரண்டியைத் தூக்கிக் காட்டி 'அனோ இதோ, அப்பப்பா?' என்றாள். பிறகு பேசாமல் நின்றாள். எனக்கு அன்று தலை சரியில்லை, இரவு நித்திரை இல்லை, கண்முன்னே இருப்பது அகப்பையா கரண்டியா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் அவசரப்படவில்லை. பதிலை எடுத்துத் தரவுமில்லை. கையை இறக்காமல், காதை ஆட்ட முடியாததால் தலையை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தபடி நின்றாள். எனக்கு எழுபத்தாறு வயது. என் பதிலுக்காக ஒருவர் அவ்வளவு நேரம் காத்து நின்றதாக எனக்கு ஞாபகமில்லை. கடைசியில் 'கரண்டி' என்றேன். கைதட்டினாள். நான் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

மரிசெல்லுக்கு இந்தக் கடதாசி விஷயம் தெரியும். நீ சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்லச் சொல்லவும் இல்லை. அதை என் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் தந்த தேத்தண்ணியைக் குடிக்க என்னால் முடியவில்லை. சனிக்கிழமை போய், மகன் எழுதியிருக்கிறான், என் கையெழுத்துக் கேட்கிறான் என்று சொல்லிவிட்டேன். அவள் இரட்டை ஷிப்ட் முடித்து வந்து சப்பாத்தோடு கதிரையில் இருந்தாள். வாசிக்கத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கையெழுத்து வைக்காதீர்கள் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிக் கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், நான் அவளுக்காக மறுத்தேன் என்று உன்னிடம் சொல்லித் தப்பியிருப்பேன். அவள் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டு, "அவர் உங்கட மகன், மாமா. சைன் பண்ணினாலும் மண்டே வாங்கோ. மாயா கதவடியில நிப்பாள்" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், எனக்குள் அது இப்படித்தான் விழுந்தது.

நான் யாருடைய பக்கம் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. உன் பயத்தை நான் அறிவேன். ஞாயிற்றுக்கிழமை அவள் உன் வீட்டுக்கு வரும்போது தாயின் மொழியில் ஏதாவது கேட்கிறாள், உனக்கு அது பாதிதான் விளங்குகிறது, நீ ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாய், அவள் பேசாமல் போய் மூலையில் இருந்து விளையாடுகிறாள். உன் பிள்ளை உன் கண்முன்னாலேயே தூரத்து ஆளாகப் போகிறாள் என்று நீ நினைக்கிறாய். இணையத்தில் தமிழ்ப் பாட்டுக் கார்ட்டூன்களைத் தேடிப் போட்டுவிட்டு நீ மடிக்கணினியோடு பக்கத்து அறைக்குப் போகிறாய், அவள் பார்க்கிறாள் இல்லை என்று என்னிடம் முறைப்பட்டாய். அதைவிட ஆயிரம் மடங்கு நல்ல நிகழ்ச்சியைப் போட்டாலும் அப்படித்தான் இருக்கும், தம்பி. அவளுக்கு எந்த மொழி நிகழ்ச்சி ஓடுகிறது என்பது பெரிய விஷயமில்லை என்று எனக்குப் படுகிறது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்து பதில் சொல்ல வேண்டும். நான் குழந்தை வளர்ப்புப் படித்தவனில்லை, நான் சொல்வது பிழையாக இருக்கலாம். ஆனால் நான் கண்டதை எழுதச் சொன்னாய். கண்டது இதுதான்.

அவள் யாரோடு இருக்க வேண்டும் என்பதைப் பற்றி நான் ஒன்றும் எழுத மாட்டேன். அதை நீதிபதி தீர்க்கட்டும், அல்லது நீங்கள் இருவரும் ஒரு மேசையில் இருந்து தீர்த்துக்கொள்ளுங்கள். என் பெயரில் போகிற பக்கத்தில் மட்டும் உள்ளே இருப்பதும் வெளியே எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே நான் ஒரு பக்கத்தை நானே ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டு தடவை இலக்கணம் பார்த்தேன். வார நாட்களில் காலையில் அந்த வீட்டுத் தொலைக்காட்சியைப் போடுகிறவன் நான், அந்த நேரம் தாய் வேலையில் நிற்கிறாள், நானும் பிள்ளையோடு இருந்து அரைமணி நேரம் பார்க்கிறேன், பிள்ளை என்னோடு தமிழ் கதைக்கிறாள், அவளுடைய தகப்பன் அவளில் மிகவும் அன்புள்ளவன் என்று எழுதியிருக்கிறேன். கடைசி வசனத்தை யாரும் கேட்கவில்லை. அதுவும் நான் கண்டது என்பதால் சேர்த்தேன். பிள்ளையைத் தொலைக்காட்சிக்கு முன் இருத்தியது குற்றமென்றால் அதை என் பேரில் போடட்டும்.

அந்தப் பக்கத்தில் கையெழுத்து வைத்து உன் வக்கீலின் அலுவலகத்துக்கு இன்று காலையே அனுப்பிவிட்டேன். உனக்குக் காட்டாமல் அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன். உனக்கு முதலில் காட்டியிருந்தால் நீ ஒரு சொல்லை மாற்றச் சொல்லியிருப்பாய், நான் மாற்றியிருப்பேன். பிறகு இன்னொரு சொல். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் தபாற்பெட்டியில் போட்டுவிட்டு வந்து இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

இதனால் நீ என்னோடு கொஞ்ச நாள் கதைக்காமல் இருக்கலாம். நீண்ட நாளாகவும் இருக்கலாம். உன் அம்மா இருந்திருந்தால் உன்னைச் சமாதானப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்திருப்பா, எனக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போக வராவிட்டால் நான் விளங்கிக்கொள்வேன். இனி மாயா விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று நீ சொல்லலாம். அதை மட்டும் கேட்க மாட்டேன். இந்த வயதில் உன் சொல்லை முதன்முதலாக மீறுவது எனக்கும் புதுப் பழக்கம்தான்.

நாளைக்குத் திங்கட்கிழமை. பனி கொட்டும் என்று சொல்கிறார்கள், அதனால் வழமையை விட ஒரு பஸ் முந்திப் புறப்படுவேன். இந்தக் கடிதம் கிடைத்து நீ என்னை ஏசுவதென்றால் பத்து மணிக்குப் பிறகு போன் எடு, அப்போது வீட்டில் தனியாக இருப்பேன், முழுவதையும் கேட்டுக்கொள்வேன். அதற்கு முன் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுத்தால் மாயாதான் கதைப்பாள்.

அப்பா